பகலில் பொன், இரவில் அன்னம்

ஆமதாபாத் நகரைச் சுற்றிப்பார்க்கச் செல்வோரை உல்லாசப் பிரயாண பஸ்கள் ஸபர்மதி ஆசிரமத்துக்கும், 1573-ல் முடிவுற்ற ஸிதி ஸய்யித் மசூதியின் கல் பலகணிகளுக்கும் அழைத்துச் செல்கின்றன. அவை காணத்தக்கவையே. ஆயினும், பஸ்ஸை விட்டிறங்கி இரவில் மானேக் சௌக்கில் நடவாதவர் அந்நகரை முழுதும் கண்டவராகார்.

பகலில் அங்கே பொன்னும் வெள்ளியும் விலையாகின்றன. நகைக்கடைகள் கதவடைத்த பின்னர் அதே இடத்தில் அடுப்புகள் மூட்டப்படுகின்றன. நள்ளிரவிலும் ஜனங்கள் உண்கின்றனர். செல்வரின் வியாபாரமும் எளியோரின் ஜீவனமும் ஒரே நிலத்தை முறைவைத்துப் பகிரக்கூடும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

தெருக்கடைகள் நகரின் அழகுக்குக் களங்கம் என்று விரட்டும் அதிகாரிகள் இதைச் சிந்திப்பார்களாக. 1980-களில் ஆமதாபாத்தின் மில்கள் மூடத் தொடங்கியபோது, வேலையிழந்தோர் பலருக்குத் தெரு வியாபாரமே கதியாயிற்று. பாதசாரிகளின் வழி அடைபடலாகாது என்பதை நாமும் ஒப்புகிறோம். நேரமும் இடமும் வகுப்பதே அதற்குப் பரிகாரம், தராசைப் பறிப்பதன்று.

அந்நகரில் 1972-ல் இலா பட் அம்மையார் தோற்றுவித்த 'சேவா' சங்கம், தெருவில் விற்கும் பெண்களையும் ஒன்று திரட்டியது. 2014-ம் வருஷத்து மத்திய சட்டமோ, கணக்கெடுப்பு முடியுமுன் தெரு வியாபாரிகளை அகற்றலாகாது என்றும், நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் அவர்களே இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. சட்டம் ஏட்டில் உறங்கிப் பயனென்ன? "அக்குழு எங்கே?" என்று ஒவ்வொரு ஊர்த் தொண்டரும் தம் நகரசபையைக் கேட்பாராக!