வாசற்படியில் நிற்கும் நாதம்

மார்கழி மாதத்துச் சென்னையைச் 'சங்கீதக் கடல்' என்று புகழ்கிறார்கள். கடல் என்றால் எல்லா ஆறுகளும் அதில் வந்து சேர வேண்டுமே! நான் பார்க்கிறவரையில் இது ஒரே ஆற்றின் நீர் தேங்கிய பெரிய ஏரி. சபாக்கள் பல, கச்சேரிகள் பல. சங்கீதம் மட்டும் பெரும்பாலும் ஒன்று.

"மற்றதைக் கலந்தால் சாஸ்திரீய சங்கீதத்தின் தூய்மை என்னாவது?" என்று பதறுகிறவர்கள் உண்டு.

எந்தத் தூய்மை, ஐயா? பாடகருக்குப் பக்கத்தில் ஒலிக்கும் வயலின் கப்பலேறி வந்த வாத்தியம். அதை நம்முடையதாக்கிய முன்னோடிகளில் ஒருவர் பாலுஸ்வாமி தீட்சிதர். அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாகித்தியம் இயற்றினார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டுக்கூட அவற்றில் உண்டு. மும்மூர்த்திகளில் ஒருவருக்கு ஒட்டாத தீட்டு, பறையோசை கேட்டால் நமக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிறதா?

"நாகஸ்வரத்துக்கு இடம் தருகிறோமே!" என்பார்கள். தருகிறார்கள், மங்கள இசையாக, ஜனங்கள் நாற்காலி தேடுகிற நேரத்தில்! ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்த ராஜரத்தினம் பிள்ளையின் வாத்தியத்தை வாசற்படியில் நிறுத்திவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் சூட்டுகிறோம். சத்தம் அதிகம் என்பது ஒரு சாக்கு. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டால் தீர்ந்தது!

வில்லுப்பாட்டின் கதி இன்னும் மோசம். நெல்லைச் சீமைக் கோயில் கொடைகளில் இரவெல்லாம் கதை வளர்க்கிற கலை அது. அதற்குப் பத்து நிமிஷம் கொடுத்து, 'கிராமியக் கலையையும் ஆதரித்தோம்' என்று மார்தட்டுகிறார்கள். நாவல் எழுதுகிறவன் நான். புத்தகத்தின் அட்டையை மட்டும் காட்டிவிட்டு 'படித்தாயிற்று' என்றால் எனக்கு எப்படியிருக்கும்?

ஒரு காலத்தில் தமிழ்ப் பாட்டுக்கும் இதே கதிதான். கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக அது ஒதுங்கிக் கிடந்தது. அதை எதிர்த்த இயக்கத்தில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. மொழிக்காக வெகுண்ட நாம், அதே மண்ணின் பறைக்காகவும் தவிலுக்காகவும் ஏன் வெகுளவில்லை?

2007-இல் சென்னை சங்கமம் கிராமியக் கலைகளைப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டு வந்தது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களிடையே நடந்த விழாவில் கர்நாடக இசையும் ஒலித்தது, பறையும் முழங்கியது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. 2020-இல் 'மார்கழியில் மக்களிசை' என்று தனி விழாவே எழுந்தது. தனியாக எழ வேண்டி வந்ததே, அதுதான் வெட்கம்!

எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டச் சொல்லவில்லை நான். சபாக்காரர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு மாலை: பிரதான வித்துவானுக்குத் தருகிற அதே மேடை, அதே நேரம், அதே சன்மானம். அதைத் தர மனமில்லையென்றால், 'சங்கீதக் கடல்' என்ற பெயர்ப் பலகையையாவது கழற்றிவிடட்டும்.