கேட்டுக்கொண்டே இருந்தால் வந்துவிடுமா?

"பிபிசி கேளுங்க, இங்கிலீஷ் படம் பாருங்க, காது தானா பழகிடும்." ஆங்கிலம் கற்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லாத வாத்தியார் அபூர்வம். சொல்பவருக்கு உழைப்பில்லை. பலிக்காவிட்டால் பழியும் மாணவர் தலையில்தான்: நீ போதுமான அளவு கேட்கவில்லை!

புரியாத பேச்சு எத்தனை மணி நேரம் ஓடினாலும் இரைச்சல்தான். மொழி உள்ளீட்டை, அதாவது கேட்பதையும் படிப்பதையும், தலைமேல் வைத்துக் கொண்டாடிய மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷனே புரிகிற பேச்சு வேண்டும் என்றுதான் சொன்னார். எதையாவது ஓடவிடச் சொல்லவில்லை.

'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று எழுதிக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். வேகமான பேச்சில் அது 'வாச்ச கன டூ' என்று வந்து விழுகிறது. 'ஆர்' காணாமல் போயிற்று, 'கோயிங் டு' இரண்டெழுத்தாகச் சுருங்கிற்று. தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் மாணவர் திருதிருவென விழிக்கிறார். நாமும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்றா பேசுகிறோம்? 'வந்துட்டிருக்கேன்' என்கிறோம். புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டுச் சென்னையில் ஆட்டோ ஏறும் வெளிநாட்டுக்காரரின் பாடும் இதுதான்.

சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் போதாதா? நெதர்லாந்தில் மிட்டரர், மெக்வீன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2009-இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. பழக்கமில்லாத ஆங்கில உச்சரிப்பை ஆங்கில சப்டைட்டிலோடு கேட்ட டச்சுக்காரர்களுக்குக் காது தேறியது. டச்சு சப்டைட்டிலோடு கேட்டவர்கள், புதிய வசனங்களைப் பிடிப்பதில் சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். தமிழ் சப்டைட்டில் பிரியர்கள் யோசிக்கலாம்.

பயிற்சி மையங்களின் கதை வேறு. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள், சுமார் அரை மணி நேரப் பதிவு, ஒரே முறைதான் கேட்கலாம். அதற்காக மாதிரித் தேர்வு மேல் தேர்வு வைக்கிறார்கள். 'பி' சரி, 'சி' தப்பு, அடுத்த தேர்வு. ஏன் 'சி' என்று காதில் விழுந்தது என யாரும் கேட்பதில்லை. தினமும் காய்ச்சலை அளந்து குறித்துவிட்டு மருந்தே கொடுக்காத வைத்தியம் இது. பிரிட்டனின் மொழி ஆய்வாளர் ஜான் ஃபீல்ட் 2008-இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதி இந்தப் போக்கைச் சாடினார். வகுப்பறைகள் அசையவில்லை.

மருந்து எளிதுதான்: வகுப்பில் பத்து விநாடிப் பதிவு போதும். காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். உண்மையில் சொன்னதைப் பலகையில் எழுதி, எங்கே நழுவியது என்று பார்த்து, மறுபடி ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் இல்லையென்றால் ஆசிரியரே வேகமாகச் சொல்லிக் காட்டலாம். லண்டன் உச்சரிப்பெல்லாம் தேவையில்லை. வகுப்பு மெதுவாகத்தான் நகரும், நகரட்டும்.

படம் பார்க்கவே கூடாது என்பதல்ல என் வாதம். ஓரளவு பிடிபட்டவர்களுக்கு நிறையக் கேட்பது நல்லதுதான். ஆனால் படம் பார்க்கச் சொல்லும் வாத்தியார், எந்தப் படத்தில் எந்த இரண்டு நிமிடம், அதில் எதைக் காது பிடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.