ஓசி சாப்ட்வேர்ன்னா இளக்காரமா?

கொருக்குப்பேட்டையில இரும்புக்கடை வச்சிருக்கிற மாமா போன்ல குதிச்சார். "கரண்ட் போச்சு, கணக்கும் போச்சு மாப்ள! ஜிஎஸ்டி கட்டுற நேரம். ஓசின்னா இப்படித்தான்!"

போய்ப் பார்த்தா, குனுகேஷ் 'பூட்டு கிடைக்கல'ன்னு சொல்லுது. பாதியில அணைஞ்சதால பழைய பூட்டுக்கோப்பு அழியாம கிடக்கு. வேற யாரும் திறக்கலைன்னு பார்த்துட்டு, 'ஆனாலும் திற'ன்னு அழுத்தினேன். திறந்தது. சேமிக்காத நாலு வரவு? பக்கத்துல இருந்த லாக் கோப்பை மறுபடி ஓட்டினேன், வந்துடுச்சு. தேதி போட்ட பழைய நகல்களை வேற 30 நாளைக்கு வச்சிருக்கு.

திட்டுறதுக்கு முன்னாடி திரையில இருக்கறதைப் படிக்கிறோமா மக்களே? "ஒர்க் ஆகல, அர்ஜண்ட்"னா எவன் உதவுவான்? எந்த வெர்ஷன், என்ன பிழைச்செய்தி, கடைசியா என்ன செஞ்சீங்க... மூணையும் சொல்லுங்க சாமிகளா! சம்பளம் வாங்காம பதில் சொல்றவன் ஜோசியக்காரன் இல்ல.

மாமாவை யுபிஎஸ் வாங்கச் சொல்லியிருக்கேன். அது மட்டும் ஓசியில கிடைக்காது!