மூன்று மீட்டர்

திருவண்ணாமலையில் எடுத்த அந்தப் புகைப்படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். யார் எடுத்தது என்று கேட்காதீர்கள், ஆயிரம் பேர் எடுத்திருக்கிறார்கள். சடைமுடி, நெற்றி நிறைய விபூதி, கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள். இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோன மங்கல். இடம் கிரிவலப் பாதையா, காசியா என்றுகூடச் சொல்ல முடியாது. நானும் இப்படி நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளியவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு திட்டுகிறேன்.

இந்தப் படத்தில் நம்முடைய பங்கு ரொம்பக் குறைவு. சட்டகத்துக்குள் ஒரு முகம் வந்தால் போதும், இன்றைய கேமரா அதன்மேல் ஒரு பெட்டியைப் போடுகிறது. பெட்டி சுருங்கிக் கண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஆள் அசைந்தாலும் விடாது. 85 மி.மீ. லென்ஸை எஃப்1.8இல் திறந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், தெளிவாக விழுகிற ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. கண் கூர்மையாக இருக்கும், காது மங்கிவிடும். அந்த 6 செ.மீ.யைக் கையால் பிடிக்கத் திணற வேண்டும். மெஷினுக்கு அது ஜுஜுபி. சுலபமாகக் கிடைக்கிறது என்பதாலேயே எல்லோரும் அதையே எடுக்கிறோம். பிறகு அதுக்கு ‘ஆன்மிக முகம்’ என்று தலைப்பு வேறு.

நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு விடியற்காலை, காவி கட்டிய பெரியவர் ஒருவரை இப்படித்தான் எடுத்தேன். காட்டச் சொன்னார், காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பக்கத்துல ஒருத்தர் குந்தினு இருந்தாரே, அவர் எங்க?”

அவருடைய தோளுக்கு அரை அடி பின்னால் அவருடைய கூட்டாளி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே டம்ளரில் டீயைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். என் படத்தில் அந்த மனிதர் ஒரு பழுப்பு நிறத் திட்டு. யாரை விடுவது என்று நான் யோசித்து விட்டிருந்தால் அது என் முடிவு, சண்டைக்கு வந்தால் பதில் சொல்லலாம். எனக்கோ அப்படி ஒருவர் இருந்ததே பெரியவர் கேட்ட பிறகுதான் உறைத்தது.

உடனே பழைய லென்ஸ் கோஷ்டி கைதட்ட வேண்டாம். ‘மேனுவல் ஃபோகஸ்லதான் உயிர் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டு, பழைய ரஷ்ய லென்ஸை வாங்கி மாட்டி, அதையும் முழுசாகத் திறந்து, வளையத்தைத் திருகித் திருகி அதே சாமியாரின் அதே கண்ணைத்தான் நீங்களும் பிடிக்கிறீர்கள். மெஷின் ஒரு நொடியில் செய்வதை நீங்கள் பத்து நொடியில் செய்கிறீர்கள். இதில் உயிர் எங்கிருந்து வந்தது?

கையால் ஃபோகஸ் செய்வதில் நாம் மறந்துவிட்ட முறை வேறு. தூரத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. 35 மி.மீ. லென்ஸ், எஃப்8, வளையம் மூன்று மீட்டரில். சுமார் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாமே தெளிவு. அதற்குப் பிறகு ஃபோகஸைத் தொடவே வேண்டாம். இடத்தில் எங்கே நிற்பது என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் கேள்வி. ஆள், டீ டம்ளர், பக்கத்துக் கூட்டாளி, பின்னால் காயும் துணி எல்லாம் ஒரே மரியாதையோடு உள்ளே வரும். வெளிச்சம் போதாதா? ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். கொஞ்சம் பொரிபொரியாக வந்தால் ஊர் ஒன்றும் முழுகிவிடாது.

ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் இதே ஊருக்குத்தான் லைக்காவோடு வந்தார். ரமணரின் கடைசி நாட்கள். 14ஆம் தேதி இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது அவர் ஆசிரமத்துக்குப் பக்கத்தில்தான் தங்கியிருந்தார். ஆட்டோஃபோகஸோடு கடைக்கு வந்த முதல் கேமராவான கோனிகா சி35 ஏஎஃப் வர இன்னும் 27 வருஷம் இருந்தது. ஒரு மனிதர் இறந்துகொண்டிருக்கும் இடத்தில் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை அவர் கேமராவிடம் கேட்டிருக்க முடியாது.

கல்யாணப் படம் எடுக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். தாலி கட்டும்போது இரண்டாவது டேக் கிடையாது, ஆட்டோஃபோகஸ்தான் அவர்களுக்குச் சோறு. பறவை, கபடி, ஓடும் குழந்தை எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. கண்பார்வை குறைந்தவர்களுக்கும் அது பெரிய துணை. எனக்கு அங்கே சண்டையில்லை.

ஆனால் கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அதை நம்பாதீர்கள். 2,668 அடி மலையுச்சியில் கொப்பரை எரியத் தொடங்கும் நொடியில், இருட்டிக்கொண்டிருக்கும் வானத்தில் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கடைசியில் எதைப் பிடித்தது தெரியுமா? எனக்கு முன்னால் ஒருவர் தூக்கிப் பிடித்த செல்போன் திரையை. என்னிடம் அந்த வருஷத்துத் தீபம் அடுத்தவர் போனுக்குள்தான் எரிகிறது. வெளிச்சம் இருக்கும்போதே மலைவிளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, கையால் மாற்றும் நிலைக்குத் தள்ளி, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இப்போதைய லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் கொஞ்சம் திரும்பும், அதனால் கடைசிவரை திருகிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

நிருதி லிங்கத்துக்கு மறுநாளும் போனேன். எஃப்8, மூன்று மீட்டர். இருவரும் இருந்தார்கள், டம்ளரும் இருந்தது. பெரியவர் திரையைக் கூட்டாளிக்குக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ரெண்டு பேரும் கீறோம். ஆனா நேத்து எடுத்ததுலதான் நான் நல்லா இருந்தேன்.”