பழைய வெள்ளி நாணயமும் அதன் தரமும்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள பழைய குடும்பங்களின் பூஜையறைகளிலே, விக்டோரியா அரசியின் தலையோ ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையோ பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டேனும் கிடப்பது யாவரும் அறிந்ததே. பண்டிகை வந்தால் அவற்றைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிப் பொட்டிட்டு வைப்பர். பணமுடை வந்தால் தியாகராய நகர்க் கடையொன்றிற் கொண்டுபோய் நிறுத்து விற்பர். பின்னதையே பலரும் இழப்பென்று வருந்துகின்றனர். நாமோ முன்னதே மூலக்கேடு என்போம். துலக்கித் துலக்கி முகமிழந்த நாணயத்தைச் சேகரிப்போர் விரும்பார்; அவர் விரும்பாததனாலேயே அஃது எடைவிலைக்குப் போய் உலையிற் சேர்கின்றது.

முற்காலத் தமிழகத்தில் நாணயம் நோட்டம் பார்ப்போனை வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவர் சிலர் பெயரிலும் அப்பெயர் ஒட்டியிருக்கக் காண்கின்றோம். அவன் ஆராய்ந்தது பொன்னின் மாற்றும் வெள்ளியின் தூய்மையுமே. இன்றைய நகைக்கடைக்காரர் கேட்பதும் அதுவே. அதில் அவர்மேற் குறையில்லை. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரூபாயின் நிறை 180 கிரெயின், அதாவது ஏறக்குறைய 11.66 கிராம், அதிற் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் அப்பங்கு பாதியாகக் குறைந்தது. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. இவ்வளவும் தராசும் உரைகல்லும் சொல்லிவிடும். தரம் என்பதோ வேறொரு வினா. அச்சு அன்று கொடுத்த உருவில் இன்று எவ்வளவு எஞ்சியுள்ளது, அதற்கு இடையில் நேர்ந்தவை யாவை என்பதே அது.

இவ்வினாவுக்கு விடைகூறத் தொடங்குவோன் நாணயத்தை விளிம்பிற் பிடித்து, ஒற்றை விளக்கின்கீழ்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். கையில் ஐந்து மடங்கு பெருக்கும் ஒரு கண்ணாடி போதும். தேய்வு எப்பொழுதும் மேட்டிலேயே தொடங்கும். விக்டோரியா ரூபாயில் காதருகேயுள்ள கூந்தல் இழைகளையும் முடியின் மணிகளையும் பார்க்க வேண்டும். ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடியில்லை. அவர்க்குக் காதும் தலைமயிருமே சான்று. ஐந்தாம் ஜார்ஜின் ரூபாயில் அங்கியின்மேல் ஒரு சிறு யானை உண்டு. 1911-இல் அந்த யானையின் துதிக்கை குறுகிப் பன்றிபோல் தோன்றியதென்று மக்கள் முணுமுணுக்க, மறுவாண்டு அச்சைத் திருத்தினர். அவ்வியானை தேய்ந்துபோயின் பன்றியும் யானையும் ஒன்றே! ஆண்டெண்ணைப் பார்த்துக் கண்டுகொள்ள வேண்டியதுதான்.

ஆயினும் மழுங்கியதெல்லாம் தேய்ந்தது என்று முடிவுகட்டுதல் பெரும்பிழை. இதனை நன்கு உணர்த்துவன நமது நகரிலேயே அடிக்கப்பட்ட நாணயங்களாம். 1807-ஆம் ஆண்டளவில் சென்னை நாணயச்சாலை புதிய இயந்திரங்களைக் கொண்டு இரட்டை ரூபாயும் அரைப் பகோடாவும் வெள்ளியில் அடித்தது. அரைப் பகோடாவின் ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரம். மறுபுறம் தாமரையினின்று எழும் திருமால். மதிப்பு தமிழிலும் தெலுங்கிலுங்கூட எழுதப்பட்டுள்ளது. இரட்டை ரூபாயிலோ பாரசீக எழுத்தே. 1759-இற் கொலையுண்ட முகலாய வேந்தர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டையும் கும்பினியார் அரை நூற்றாண்டு கழித்தும் மாற்றாமல் அடித்துவந்தனர். இவற்றுட் பலவற்றுக்கு மூலப்பொருளாயிருந்தது மெக்சிகோ, பெரு முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த ஸ்பானிய வெள்ளி டாலர். சில வேளைகளில் டாலரை உருக்காமலே அதன்மேற் புதிய அச்சை ஏற்றினர். அதனாற் கோபுரத்தின் அருகே சார்லஸ் மன்னர் பெயரின் ஓரெழுத்தோ, ஸ்பானியத் தூண் ஒன்றின் நிழலோ இன்றும் புலப்படுவதுண்டு.

பழக்கமில்லாத கண் இதனைக் கீறலென்றும் சேதமென்றும் கொள்ளும். உண்மையில் அது நாணயத்தின் பிறப்புச் சான்று. அத்தகைய இடத்திற் புதிய உரு முழுவதும் ஏறாமல் தட்டையாயிருந்தால், அது கைபட்டுத் தேய்ந்ததன்று, பிறவியிலேயே மெலிந்தது. வேறுபாட்டைக் காண்பதற்கு ஒளியே துணை. மெலிவாக அடிபட்ட இடத்தில் சுற்றுப்புறத்திலுள்ள மினுக்கம் இடையறாது தொடரும். தேய்ந்த இடத்தில் அது நின்று, வழவழப்பான சாம்பல் நிறம் தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் எத்தனை பட்டியல் படித்தும் பயனில்லை. கும்பினி நாணயங்களின் வரலாற்றைச் சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1890-இல் நூலாக்கினார். அந்நூலைத் தேடிப்பிடித்துப் படிப்போர் நம் மாணாக்கருள் சிலரேனும் உளராயின் மகிழ்வோம்.

இனித் துலக்குதலைப் பற்றி. அச்சு அழுத்தும்பொழுது வெள்ளி நடுவினின்று விளிம்பை நோக்கி ஓடுகின்றது. அவ்வோட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச்செல்லும். நாணயத்தைச் சாய்க்கும்போது சக்கரம்போற் சுழலும் அந்த மினுக்கம் இவ்வரிகளால் வருவதே. சாம்பலின் துகள் அவற்றை அறுக்கும். புளியின் புளிப்பும் மேற்பரப்பிலுள்ள செம்பையும் கருமையையும் அரிக்கும். பின்னர்த் தோன்றுவது வெறும் வெண்மை. அது பாத்திரத்தின் பளபளப்பே அன்றி நாணயத்தின் ஒளியன்று. மீட்டுத் தருவதற்கு எவராலும் இயலாது. கருமையோ காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய படலம். அது மெல்லியதாயிருக்குமளவும் தீங்கில்லை. நீலமும் பொன்னுமாய்ப் படர்ந்தால் விலை ஏறுதலும் உண்டு. கழுத்தணிக்காகக் காதுவளையம் பற்றவைத்து, பின்னர் அதனை அறுத்தெடுத்த ரூபாய்களும் சந்தையில் மிகுதி; விளிம்பில் அத்தழும்பைத் தேடிப் பார்த்தல் நலம்.

தர எண்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1949-இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் தம் நாட்டுப் பழைய செப்புச் சென்ட் காசுகளுக்கென 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். மிகக் கடைப்பட்ட காசு ஒரு டாலர் பெறுமானால் குற்றமற்றது எழுபது பெறும் என்பதே அதன் கணக்கு. விலைகள் மாறின, கணக்கு பொய்த்தது, எண் மட்டும் நிலைத்து, பின்னர் வெள்ளி டாலருக்கும், இன்று நம் ரூபாய்க்கும் வந்துவிட்டது. நெகிழிப் பேழையில் அடைத்து எண்ணிட்டுத் தரும் நிறுவனங்கள் 1980-களிலிருந்து பெருகின. போலிகள் மலிந்த சந்தையில் அவற்றால் நன்மையுண்டென்பதை மறுக்கமாட்டோம். எனினும் 62-க்கும் 63-க்கும் இடையிலுள்ள வேற்றுமை ஒருவரது அபிப்பிராயமே. அதே நாணயம் மறுமுறை வேறெண் பெற்று வருதலும் உண்டு. இளைஞர் எண்ணை வாங்கி நாணயத்தைப் பாராதிருத்தல் நமக்கு உடன்பாடன்று. பேழைக்குள் வாராத தேய்ந்த சென்னை இரட்டை ரூபாய், பேழையிலுள்ள பளிச்சென்ற பம்பாய் ரூபாயினும் நமக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.

வீட்டுப் பெரியோர், கறுத்த நாணயத்தைப் பூஜையில் வைத்தல் ஆகாதென்பர். அவர் மனத்தை நோவச்செய்தல் வேண்டா. நகைக்கடைகளிற் புதிய வெள்ளி இலட்சுமி காசு கிடைக்கின்றது. அதனை வேண்டுமளவும் துலக்கிப் பொட்டிடலாம். பழைய ரூபாயை அமிலம் கலவாத தாளுறையில் இட்டு, ரப்பர் வளையமும் செய்தித்தாளும் மலிவான நெகிழிப் பையும் படாதபடி உலர்ந்த இடத்தில் வைத்து, உறையின்மேல் அஃது எவர் கையிலிருந்து எந்த ஆண்டில் வந்தது என்பதைப் பென்சிலால் எழுதிவைக்க.