மாற்றுச் சிறுநீரகமும் குழாயின் உட்சுவரும்

பழுதுற்ற சிறுநீரகத்திற்கு ஈடாகப் பிறிதொருவர் சிறுநீரகத்தைப் பொருத்துதலை, தறியிலே தேய்ந்த பற்சக்கரத்தைக் கழற்றிப் புதியதொன்றைப் பூட்டுதலோடு ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். பெருந்துறையிலும் ஈரோட்டிலும் தறியொலி கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வுவமை எளிதில் வாய்க்கின்றது. ஆயினும் இது பிழைபட்ட உவமை என்பதும், இப்பிழையால் உயிர்க்கே ஊறு நேரக்கூடும் என்பதும் என் கருத்து.

என் சிறிய தந்தையார்க்கு அவர்தம் தமக்கையார் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை ஈந்தார். மூன்றாண்டுகள் அவர் நலமுடன் தறியோட்டி வந்தார். நான்காம் ஆண்டில், "பொருத்தியது பொருந்திவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று முதலில் இரவு மருந்தை விட்டார், பின்னர்க் காலை மருந்தையும் விட்டார். பல திங்கள் யாதொரு துன்பமும் தோன்றவில்லை. தோன்றியபோது காலங் கடந்துவிட்டது. இப்பொழுது வாரம் இருமுறை இரத்தத்தைச் சுத்திசெய்து கொள்ளச் சென்று வருகின்றார்.

நிகழ்ந்தது யாது? பொருத்திய சிறுநீரகத்தினுள் ஓடுவது பெற்றவருடைய இரத்தம். அவ்விரத்தம் உராய்ந்து செல்லும் குழாய்களின் உட்சுவரோ கொடுத்தவருடையது. ஓரணுக் கனமே உள்ள மெல்லிய படலம் அது. முன்னாளில் அதனை வெறும் பூச்சென்றே எண்ணினர். அங்ஙனமன்று. அதன் அணுக்கள் எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்களைத் தம் மேற்பரப்பில் தாங்கி நிற்கின்றன. ஊரார் முகம் பார்த்து உறவறிவதுபோல், வெள்ளணுக்கள் அவற்றைக் கொண்டே தம்மவர் பிறர் என்று அறிகின்றன. உடன்பிறந்தார் இருவர்க்கு இவ்வடையாளங்கள் முற்றும் ஒத்திருத்தல் நாலில் ஒரு பங்கே கூடும். உறுப்பை எடுத்துக் குளிரில் வைத்து மீண்டும் இரத்தம் ஓடவிடும்பொழுதே இப்படலம் நோவுறுகின்றது. நோவுற்ற அணுக்கள் வெள்ளணுக்கள் பற்றிக்கொள்வதற்கான ஒட்டுப் புரதங்களை வெளியே நீட்டி, தூதுப் பொருள்களையும் சுரந்து, மேலும் பலவற்றை அழைக்கின்றன. வந்த வெள்ளணுக்கள் சுரக்கும் இன்டர்பெரான் காமா பட்டவுடன் அடையாளப் புரதங்கள் இன்னும் மிகுகின்றன. தாக்கப்படுவதும் அச்சுவரே, தாக்குதலைத் தூண்டுவதும் அச்சுவரே! மருந்து குறையுங்கால், பெற்றவர் உடல் அவ்வடையாளங்களை எதிர்க்கும் பொருள்களை ஆக்கத் தொடங்குகின்றது. அவை சுவரிற் படிந்து, காலப்போக்கில் அதனைத் தடிக்கச் செய்து, குழாயின் வழியை நெருக்குகின்றன. பெரும்பாலும் வலியில்லை, காய்ச்சலுமில்லை.

அவ்வெதிர்ப்பொருள்கள் முன்னரே இருப்பின் கேடு நாள்கணக்கிலன்று, நிமிடக்கணக்கில் வரக்கூடும். கருவுற்றிருந்த காலத்தில் மகவின் வழியே கணவருடைய அடையாளங்களைக் கண்டு எதிர்ப்பொருள் ஆக்கிக்கொண்ட மனைவிக்கு, அன்புடைய கணவர் ஈந்த சிறுநீரகமே பகையாதல் உண்டு. ஈவோர் அணுக்களையும் பெறுவோர் குருதிநீரையும் முன்னதாகக் கலந்து பார்த்தல் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பட்டேல், டெரசாக்கி என்னும் இருவர் 1969-இல் நிலைநாட்டினர்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-ஆம் ஆண்டிலேயே சிறுநீரகம் வெற்றியுடன் பொருத்தப்பட்டது. ஆகவே நம் நாட்டு மருத்துவர்தம் கைத்திறத்திற்குக் குறைவில்லை. குறைவு சொல்லில் உளது. "மருந்தை விடாதே" என்று என் சிறிய தந்தையார்க்குப் பன்முறை கூறினர். ஏன் என்று ஒருவரும் கூறிற்றிலர். அவர் கையிற் கொடுத்த தாளோ முழுதும் ஆங்கிலம். இந்நுட்பங்கள் பாமரர்க்கு விளங்கா என்பர் சிலர். பாவில் ஓரிழை அறுந்தால் ஒலியாலேயே அறியும் நெசவாளர்க்கு, குழாயின் சுவரில் நிகழ்வது விளங்காதோ? வீடு திரும்பும் நோயாளர் ஒவ்வொருவர்க்கும் இதனைத் தமிழில் அரைப்பக்க அளவிலேனும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். தமிழ் பயிலும் மாணாக்கராகிய நாமும் மருத்துவ மாணாக்கரோடு அமர்ந்து அதனை எழுதலாம்.

சென்ற விடுமுறையில் இச்செய்தியை அத்தையாரிடம் கூறினேன். கால் மணி நேரங்கூட ஆகவில்லை. "அவன் இரத்தம் இத்தனை நாளும் என் சுவரை உராய்ந்தா ஓடிற்று?" என்று கேட்டார். சிறிது பொறுத்து, "இதை அன்றைக்கே அவனிடம் யாரேனும் சொல்லியிருக்கலாகாதா?" என்றார்.