கேள்வித்தாளில் அடிக்கப்பட்ட கேள்வி

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட்டுக்காக நான் தயாரித்த கேள்வித்தாளில் 42 கேள்விகள் இருந்தன. திருப்பூரில் சிறு பின்னலாடை நிறுவனங்கள் எப்படித் தொடங்கப்படுகின்றன, எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது தலைப்பு. உரிமையாளரின் வயது, படிப்பு, அனுபவம், முதலீடு, எத்தனை மெஷின், எவ்வளவு வங்கிக் கடன் என்று எல்லாம் கேட்டிருந்தேன். ஆறாவது கேள்வி: "நீங்கள் எந்தச் சாதி?" வழிகாட்டிப் பேராசிரியர் தாளைத் திருப்பித் தந்தபோது அந்த ஒரு கேள்வி மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"இது மேனேஜ்மென்ட் ஆராய்ச்சிப்பா. சாதியெல்லாம் சோசியாலஜிக்காரங்க பாத்துக்குவாங்க. இதைக் கேட்டா உன்னைக் கம்பெனிக்குள்ளயே விடமாட்டாங்க" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் ப்ராஜெக்ட் முடிய வேண்டும் என்ற அக்கறையில்தான் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். 41 கேள்விகளோடு போனேன், அட்டவணை போட்டேன், பட்டமும் வாங்கினேன்.

உறுத்தல் பிறகுதான் வந்தது. அவர் படிக்கச் சொன்ன கட்டுரைகளில் 'சமூக மூலதனம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பி, பத்திரம் இல்லாமல் கடன் கொடுத்து, ஆர்டரைப் பங்கிட்டுத் தொழில் வளர்க்கிறார்கள் என்று அவை வியந்தன. அந்த 'சமூகம்' எது? சாதிதானே? சாதி என்று கேட்டால் ஆராய்ச்சி இல்லை, சமூக மூலதனம் என்று எழுதினால் ஆராய்ச்சி. சாதியால் வந்த லாபத்தைப் பாராட்டலாம், அதனால் யாருக்கு நட்டம் என்று மட்டும் கேட்கக் கூடாது. இந்திய மேலாண்மை ஆராய்ச்சியின் எழுதப்படாத விதி இதுதான் என்று சொல்வேன்.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊரைப் பற்றி உலகத் தரமான ஆய்வுகள் உண்டு. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல், விவசாயப் பின்னணி கொண்ட கவுண்டர்கள் எப்படித் தொழிலாளியாக வந்து முதலாளிகளானார்கள் என்பதை விரிவாக ஆராய்ந்தது. 'உழைத்து மேலே வந்தோம்' என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் தோட்டங்களில் உழைத்தவர்கள் அவர்கள் மட்டும்தானா? கொங்குப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக அருந்ததியர்கள் பண்ணையாட்களாக இருந்தார்கள். என் தாத்தாவும் அப்படித்தான், பண்ணாடியின் தோட்டத்தில் கிணற்றடியிலேயே வாழ்நாளைக் கழித்தார். இரண்டு பேரும் அதே மண்ணில்தான் வியர்வை சிந்தினார்கள். ஒருவர் உழைப்பு மூலதனமானது. இன்னொருவர் உழைப்பு கூலியோடு முடிந்தது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தனிமனிதத் திறமை என்று எந்த மேலாண்மைப் பாடநூல் சொன்னாலும் என்னால் நம்ப முடியாது.

இன்னொரு ஆய்வு, அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்டது. திருப்பூரில் கவுண்டர்களின் நிறுவனங்களையும் வெளியாரின் நிறுவனங்களையும் ஒப்பிட்டார்கள். கவுண்டர்கள் அதிக மூலதனத்தோடு தொடங்குகிறார்கள், பிறகும் அவர்கள் கையில்தான் அதிக மூலதனம் இருக்கிறது. ஆனால் குறைந்த மூலதனத்தோடு வந்த வெளியாரின் உற்பத்தி வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளிலேயே அவர்களை முந்துகிறது. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடித்தான் போனது என்பதே இதன் பொருள். சமூக மூலதனம் என்று கொண்டாடப்படுவது முதலாளித்துவத்தின் சொந்தக் கணக்கிலேயே வீண் என்று இந்த ஆய்வு காட்டிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 'வெளியார்' பெரும்பாலும் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்த வணிகச் சாதியினர். அந்த ஒப்பீட்டில் தலித் முதலாளி என்றொரு தரப்பே இல்லை. அப்படியானால் தலித்துகள் எங்கே இருந்தார்கள்? கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் ஆகியோர் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் செய்த ஆய்வுகளில் பதில் இருக்கிறது. விசைத்தறிக் கூடங்களில் தலித் தொழிலாளர்கள் முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல், அதே முதலாளியிடம் கட்டுண்டு கிடந்தார்கள். ஒரே வட்டாரம், ஒரே துணித்தொழில். ஒரு சாதிக்குக் கடன் தொழில் தொடங்க உதவியது, இன்னொரு சாதிக்கு அதே கடன் காலில் விலங்கானது. மேலாண்மை ஆராய்ச்சி முதல் பாதியை 'நம்பிக்கை வலைப்பின்னல்' என்று எழுதும். இரண்டாம் பாதியை எழுதுவதில்லை.

சாதியே தொழிலுக்கு மூலதனம் என்று வெளிப்படையாக வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். பெங்களூர் ஐஐஎம்மில் நிதித்துறைப் பேராசிரியராக இருந்த ஆர்.வைத்தியநாதன் 2019இல் வெளியிட்ட நூலின் தலைப்பே அதுதான். ஒரு வகையில் இந்த வெளிப்படைத்தன்மை நல்லது. சாதி மூலதனம் என்றால், மூலதனம் இல்லாதவர்கள் யார், அதை யார் அவர்களிடமிருந்து பறித்தது என்ற கேள்வியும் கூடவே வரவேண்டும் அல்லவா? வேலைகள் மட்டுமல்ல, வேலை செய்யும் மனிதர்களே தட்டுத்தட்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். ஒரு தட்டில் இருப்பவர்களின் ஒற்றுமை, கீழ்த்தட்டில் இருப்பவர்களுக்குப் பூட்டிய கதவு.

கேள்வியைக் கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். 2007இல் வெளியான முடிவு இது: மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால், தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துச் செய்த ஆய்வும் அதே ஆண்டில் வெளியானது. தகுதி மட்டும்தான் பார்க்கிறோம் என்றவர்களே, நேர்காணலில் 'குடும்பப் பின்னணி' கேட்போம் என்றும் சொன்னார்கள். இந்தியாவின் 1000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் 2010 நிலவரப்படி ஏறக்குறைய 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 சதவீதம் என்று 2012இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மக்கள்தொகையில் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பட்டியல் சாதியினர் 2005இல் நாட்டின் தொழில் நிறுவனங்களில் 9.8 சதவீதத்துக்குத்தான் உரிமையாளர்கள் என்று பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து இன்னோர் ஆய்வு சொன்னது.

வேலைக்கு ஆள் எடுப்பது, இயக்குநர் குழு, தொழில்முனைவு. இந்த மூன்றும் எம்.பி.ஏ. பாடத்திட்டத்தின் நடுநாயகங்கள். ஆனால் இந்த ஆய்வுகளைப் பெரும்பாலும் பொருளியலாளர்களும் சமூகவியலாளர்களும்தான் செய்தார்கள். என் இரண்டு ஆண்டுப் படிப்பில் இவற்றில் ஒன்றைக்கூட எந்த வகுப்பிலும் நான் கேள்விப்படவில்லை.

ஏன் இந்த மௌனம்? யார் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று பாருங்கள். 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முதல் ஐஐஎம்கள் தொடங்கப்பட்டன. முன்னதற்கு எம்ஐடியின் ஸ்லோன் பள்ளியும் பின்னதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியும் கைகொடுத்தன. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் இருந்தது. கோட்பாடு அங்கிருந்து வந்தது. அங்கே இனமும் பாலினமும் விவாதமான பிறகு, 'பன்முகத்தன்மை' என்ற அத்தியாயம் நம் பாடநூலுக்கும் வந்தது. சாதி அமெரிக்கப் பாடநூலில் இல்லை, அதனால் இங்கேயும் இல்லை. கோட்பாட்டை இறக்குமதி செய்தவர்களுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை, ஏனென்றால் சாதியால் இழந்தவர்கள் அந்த அறைகளில் இல்லை.

இருந்துவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தார்கள். அகமதாபாத் ஐஐஎம்மின் முனைவர் பட்டப் படிப்பில் அரை நூற்றாண்டு காலம் இடஒதுக்கீடு கிடையாது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போன பிறகுதான் 2025 சேர்க்கையிலிருந்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டை உறுதிசெய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தபோது, எங்களுக்கு விலக்கு வேண்டும் என்று ஐஐஎம்கள் கேட்டன. முனைவர் பட்டத்துக்குள் விடாதே, பிறகு 'தகுதியான ஆட்கள் கிடைக்கவில்லை' என்று சொல். எவ்வளவு நேர்த்தியான மேலாண்மை!

வெளியே கொஞ்சம் அசைவு தெரிகிறது. சாதியைப் பற்றிய மௌனம் நம்மையும் குற்றத்துக்கு உடந்தையாக்குகிறது என்று ஸ்நேகாஞ்சலி கிறிஸ்பால், ஹரி பாபுஜி, சார்லின் சீட்ஸ்மா ஆகியோர் நிறுவன ஆய்வுக்கான முன்னணி இதழிலேயே எழுதினார்கள். வரவேற்போம். ஆனால் திருப்பூரிலும் சிவகாசியிலும் ஆம்பூரிலும் கேள்வித்தாளோடு போகிறவர்கள் நம் கல்லூரி மாணவர்கள்தான். மாற வேண்டிய இடம் அது.

சாதியைக் கேட்டால் சாதி வளரும் என்பார்கள். சர்க்கரை அளவைப் பரிசோதித்ததால் யாருக்கும் சர்க்கரை நோய் வந்ததில்லை. கேட்டால் பதில் வராது என்பார்கள். இது உண்மையான சிக்கல்தான், ஆனால் வழி இருக்கிறது. முதல் கடன் யார் கொடுத்தார்? என்ன உறவு? பத்திரம் கேட்டாரா? முதல் ஆர்டர் யார் மூலம் வந்தது? நூல் கடனுக்குக் கிடைக்கிறதா, ரொக்கத்துக்கா? கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தவர் முதலில் என்ன விசாரித்தார்? இவற்றைக் கேட்டுவிட்டுக் கடைசியில் சாதியைக் கேளுங்கள், சொல்ல விரும்பாதவர்கள் சொல்ல வேண்டாம் என்ற உரிமையோடு.

இது பட்டத்துக்கான விளையாட்டு இல்லை. பொதுத்துறை நிறுவனங்களின் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2012இல் உத்தரவு வந்தது. அந்த இலக்கு பல ஆண்டுகள் எட்டப்படவே இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் மானியம் மெஷின் வாங்கித் தரும், ஆர்டர் வாங்கித் தருமா? ஜாப் ஒர்க் கொடுப்பவர் யாருக்குக் கொடுக்கிறார், பில் பணம் யாருக்கு முதலில் வருகிறது, யாருக்கு ஆறு மாதம் இழுக்கிறது? மெஷின் வாங்கிய தலித் இளைஞர் மூன்றாவது ஆண்டில் ஏன் மூடிவிட்டுப் போகிறார்? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது மேலாண்மை ஆராய்ச்சி. அது சொல்லாதவரை 'மானியம் கொடுத்தும் முன்னேறத் தெரியவில்லை' என்ற பழிதான் மிஞ்சும்.

ஆகவே எம்.பி.ஏ., பி.காம்., பிஎச்.டி. படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த கேள்வித்தாளில் அந்தக் கேள்வியைச் சேருங்கள். வழிகாட்டி அடித்தால், ஏன் அடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். 'சமூக மூலதனம்' உள்ள கட்டுரையை அவரே தந்திருப்பார், அதைக் காட்டிக் கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை. என் 41 கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் ஏதோ ஒரு நூலக அலமாரியில் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பயன்பட்டிருக்கக் கூடியது அந்த 42ஆவது கேள்விதான்.